இரண்டு தமிழுக்கு ஒரு நாற்காலி

1

நம் ஊர்ப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லாரும் கடல் கடந்தவர்கள். ஒருவர் வாசலில் பனி அள்ளுவதைப் பற்றி எழுதுகிறார், இன்னொருவர் பாலைவனத்து வெயிலைப் பற்றி எழுதுகிறார். என்னையும் எழுதச் சொல்லிக் கேட்டபோது, நான் கடல் எதையும் தாண்டவில்லையே என்றேன். சங்கரன்கோவிலில் பிறந்தவள், திருப்பதியில் இருக்கிறேன். இடையில் ஒருமுறை வண்டி மாறினால் மறுநாள் வந்து சேர்ந்துவிடலாம்.

ஆனால் இந்த மாதத்தோடு இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. பிறந்த ஊரில் இருந்ததைவிட இங்கே இருந்தது அதிகமாகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு தனியார் மருத்துவமனையின் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கு எந்த மாடி, எந்த டாக்டர் என்று சொல்வதும், தெலுங்கில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதும்தான் என் வேலை.

நாங்கள் வந்தபோது இது சித்தூர் மாவட்டம். பிறகு பிரித்துத் திருப்பதி மாவட்டம் என்றார்கள். நாங்கள் வீட்டைவிட்டு ஒரு அடி நகரவில்லை. ஆனாலும் முகவரியைத் திருத்துவதற்காக நானும் அவரும் வரிசை வரிசையாக நின்றோம். ஒரு கார்டில் சித்தூர் இருந்தால் இன்னொரு கார்டில் திருப்பதி இருக்கிறது. எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான், ஆனால் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இங்கே தமிழுக்கு அரவம் என்று ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் அரவம் என்றால் சத்தம். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா என்னைக் காட்டி, 'அரவம்' என்று யாரிடமோ சொன்னதைக் கேட்டு, நான் அப்படி என்ன சத்தம் போட்டேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் பெரிய டாக்டரை 'நுவ்வு' என்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்தார், நர்ஸ்கள் சிரிக்கவில்லை. இப்போது அந்தத் தவறெல்லாம் வருவதில்லை. மாறாக, ஆடித்தபசுக்கு ஊருக்குப் போனால் என் அண்ணன், "உன் தமிழ்ல என்னமோ இழுக்குதே" என்கிறான். அங்கே நான் திருப்பதிக்காரி, இங்கே தமிழம்மா. இரண்டையும் மறுத்துப் பேச இப்போது தெம்பில்லை.

2

போன வருடம் எங்கள் நகரத்தில் பெண்களுக்கென்று ஓர் ஆலோசனை ஆணையம் அமைத்தார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பெண்கள் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று மேலே பரிந்துரை எழுதி அனுப்பும், அவ்வளவுதான். எல்லாத் தரப்புப் பார்வையும் வர வேண்டும் என்று ஆளுக்கொரு நாற்காலி ஒதுக்கினார்கள். கல்லூரிக்கு ஒன்று, கடைக்காரப் பெண்களுக்கு ஒன்று, துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒன்று, உருது பேசுகிறவர்களுக்கு ஒன்று, தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒன்று. தலைவி பத்மஜா மேடம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற குணம் உள்ளவர், மற்றபடி நல்ல மனுஷி. தமிழும் தெலுங்கும் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டும் என்று அவர் விசாரித்தபோது எங்கள் மருத்துவமனையில் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை இறங்க அதிக நாள் ஆகவில்லை.

ஒருநாள் கவுன்டருக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் தனலட்சுமி. புத்தூர் பக்கத்துக் கிராமம், திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறைகள் துடைக்கும் வேலை. மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்ட வந்திருந்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் அங்கேயே நின்றாள்.

"அந்தக் கமிட்டில தமிழுக்குன்னு போட்டுக்கிறது உங்களத்தானா?"

"ஆமா."

"உங்களுக்கு எந்த ஊருமா?"

சொன்னேன். அவளுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. தென்காசிப் பக்கம் என்று விளக்கினேன்.

"அம்மாந்தூரமா. அப்ப எங்க ஆளுங்களுக்கு நீங்க எப்டி பேசுவீங்க? நாங்க பொழைக்க வந்தவங்க இல்லமா. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து இந்த மண்ணுலதான் நெல்லு நட்டுக்கினு கீறோம். ஸ்டேட்டு பிரிச்சிக் கோடு போட்டவங்க எங்களக் கேட்டாப் போட்டாங்க? நீங்க பேசுற தமிழு வேற, நாங்க பேசுறது வேற."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. சாப்பிடு என்பதற்கு 'துன்னு' என்று அவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும், நான் ஒருத்தியை 'ஏளா' என்று கூப்பிட்டால் அவர்கள் முழிப்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு மட்டும்தான் நாங்கள் இருவரும் ஒரே ஆள்.

3

திருச்சானூர்ச் சாலையில், லாட்ஜில் ராத்திரி வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஒரு பெண்ணிடம் கூட வந்தவன் தப்பாக நடந்துகொண்டான். அவள் கூச்சலிட்டுக் குதித்ததில் முழங்கை முறிந்தது. அதைப் பற்றித்தான் ஆணையத்தின் அடுத்த கூட்டம். லாட்ஜுகளிலும் விடுதிகளிலும் இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைக்கக் கூடாது என்று பரிந்துரைக்கலாமா? ஒவ்வொரு உறுப்பினரும் தங்கள் தரப்புப் பெண்களிடம் கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றார் பத்மஜா மேடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் திருச்சானூருக்குப் போனேன். கை முறிந்த பெண்ணை முதலில் பார்த்தேன். பெயர் ஜோதி, உசிலம்பட்டிக்காரி. புருஷனுக்கு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை, அங்கேயே தங்கிவிட்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். நாலு வயதுப் பெண் குழந்தை. கட்டுப் போட்ட கையோடு குழந்தைக்குத் தலை பின்ன முயன்றுகொண்டிருந்தாள். நான் சீப்பை வாங்கிப் பின்னி விட்டேன்.

இவள் கட்டாயம் தடை வேண்டும் என்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

"வேணாங்க்கா. ராத்திரி வேலைய எடுத்துறாதீக. பகல்ல நான் வேலைக்குப் போனா இவள ஆரு பாக்குறது? ராத்திரின்னா பக்கத்து வீட்டுல உறங்கிரும். வந்து காலைல நான் பாத்துக்கிருவேன். இங்கன எனக்கு அம்மாவா இருக்கு, அக்காவா இருக்கு?"

"மறுபடியும் அதே ரோட்டுல வரணுமே, ஜோதி."

"பயமாத்தேன் இருக்கு. அதுக்கு என்னைய ஏன் வீட்டுல இருக்கச் சொல்றாக? கையப் பிடிச்சு இழுத்தவன ராத்திரி வெளிய வரக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுங்க."

அங்கிருந்து தனலட்சுமி வேலை செய்யும் லாட்ஜுக்கு நடந்தேன். பின்பக்கம் துவைத்த படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கேட்டாள்:

"நீங்க இன்னா சொல்லப் போறீங்க?"

"நீங்க சொல்றதத்தான்."

"அப்ப எழுதிக்கோங்க. எட்டு மணிக்கு மேல பொம்பளைங்கள நிக்க வைக்கக் கூடாது. பகல் வேலைக்கு மேல ராத்திரி டூட்டியும் எனக்கு வேணாம்னு எத்தினி தபா சொல்லிட்டன். வேணாம்னா ஊட்டுக்குப் போயிடுன்றாரு மேனேஜரு. நானு வேணான்னா வேலை பூடும். ஆணையம் வேணான்னா அவரு வாய மூடிக்கினு இருப்பாரு. எம் பொண்ணு பத்தாவது படிக்கிறா. ராத்திரி நானும் இல்லாம, அவங்க நைனாவும் இல்லாம, கண்ணு சரியாத் தெரியாத கெழவியோட அது தனியா கீது."

ஜோதி சொன்னதையும் அவளிடம் சொன்னேன். விரிப்பை உதறி, கிளிப் மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அது அவங்க கஷ்டம். எங்களுது இது. நீங்களும் வெளியூருதானே. எது உங்க வாய்ல வரும்னு எனக்குத் தெரியாதா?"

4

வீட்டுக்கு வந்து, இரண்டு பேர் சொன்னதையும் தமிழில் எழுதினேன். அதைத் தெலுங்காக்க என் மகள் பவித்ராதான் வேண்டும். எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வரும். சபையில் வாசிக்கிற மாதிரி எழுத வராது. பவித்ரா சட்டம் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. சின்ன வயதில் 'அ' எழுதச் சொல்லி உட்கார வைத்தபோதெல்லாம் ஓடிப்போனாள். பள்ளிக்கூடத்துப் பாடமே மலையாகக் கிடக்க, நானும் விட்டுவிட்டேன். ஊரில் என் அண்ணன் பிள்ளைகளோடு பேசும்போது பாதியில் சொல் கிடைக்காமல் நிறுத்துவாள். அவர்கள் ஆங்கிலத்தில் உதவுவார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆகவே நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டச்சு செய்தாள். பாதியில் கையை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் எதிரெதிரா சொல்றாங்க. நீ எந்த சைடு?"

"நான் சைடு எடுக்கக் கூடாது. கேட்டதைச் சொல்லணும்."

"அப்ப நீ எதுக்கு? ரெண்டு பேரையும் ஃபோன்ல ரெகார்ட் பண்ணி அனுப்பிடலாமே."

நான் தாளைத் திருப்பினேன்.

"அம்மா, நான் லைப்ரரியிலருந்து எட்டு மணிக்கு மேலதான் வர்றேன். நீ எங்கிட்ட கேட்டியா?"

"நீ லாட்ஜுல வேலை செய்யலையே."

"பொண்ணு இல்லையா? இல்ல, தமிழ்ப் பொண்ணு லிஸ்ட்ல நான் வர மாட்டனா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தத் தாமதத்தை அவள் கவனித்தாள். பிறகு, "சரி, சதுவு" என்றாள், வாசி என்பதைத் தெலுங்கில். மிச்சத்தை வாசித்தேன். என் கரடுமுரடான வாக்கியங்கள் அவள் விரலில் அழகான தெலுங்காக வந்தன. அவள் அதை உரக்கப் படித்துக் காட்டியபோது, வேறு யாரோ நன்றாகப் படித்த பெண்மணி பேசுவதுபோல இருந்தது.

5

கூட்டம் நடந்த அரங்கை மதியத்துக்கு மேல் வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். வாசலில் அவர்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் தரப்பு உறுப்பினர் தடை வேண்டும் என்றார். கல்லூரி உறுப்பினர் தடை என்பதே பெண்ணை வீட்டுக்குள் பூட்டுவது என்று வாதிட்டார். உருது பேசும் உறுப்பினர் தன் தெருவில் பாதிப் பேர் வேண்டும், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள் என்று தொடங்க, அவரிடம் பெரும்பான்மை எது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அடுத்து நான்.

"தமிழ மஹிளல அபிப்ராயம் செப்பண்டி, கோமதிகாரு" என்று தமிழ்ப் பெண்களின் கருத்தைச் சொல்லும்படி என்னைக் கேட்டார் பத்மஜா மேடம்.

பவித்ரா எழுதிக் கொடுத்ததை எடுத்தேன். முதல் பத்தியைத் தாண்டுவதற்குள் கையமர்த்தினார். நேரமில்லை, வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வரியில் சொல்லுங்கள் என்றார்.

இரண்டு தரப்பு இருக்கிறது மேடம் என்றேன்.

"ஒரு நாற்காலிக்கு ஒரு அபிப்ராயம்தானேம்மா" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் படபடப்பாகிவிட்டது. இதை இன்றே முடிக்க வேண்டாம், அவசரம் ஒன்றும் இல்லை, அந்தப் பெண்களையே கூப்பிட்டுக் கேட்போம் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "இப்புடு அவசரம் லேது, மேடம்."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அவசரம் லேது என்றால் தேவையில்லை. நம் அவசரத்துக்கு அவர்கள் சொல்வது தொந்தர. இது எனக்குத் தெரியாததல்ல. கவுன்டரில் தினமும் சரியாகச் சொல்கிற வார்த்தை. ஆனால் மனசு பதறும்போது முதலில் வருவது சங்கரன்கோவில்தான்.

குறிப்பெடுத்தவர் குனிந்து எழுதினார். மேடம் நன்றி சொன்னார். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போடத் தொடங்கினார்கள். என்ன சொல்லிவிட்டேன் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்துப் பவித்ரா தெலுங்கு நாளிதழை என் முன்னால் வைத்தாள். உள்பக்கத்தில் சின்னச் செய்தி. இரவு வேலைத் தடை தேவையில்லை என்று தமிழ்ப் பெண்களின் பிரதிநிதி கருத்து. ஆணையத்தில் ஒருமித்த முடிவில்லை.

"இதையா நான் எழுதிக் கொடுத்தேன்?" என்றாள்.

அன்று கவுன்டருக்கு ஒரு லாட்ஜ் மேனேஜர் வந்தார். எங்கள் கஷ்டத்தை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் மேடம் என்று தெலுங்கில் சொல்லிக் கும்பிட்டார்.

6

தனலட்சுமியைத் தேடி நானே போனேன். அதே பின்கட்டு. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னத நீங்க சொல்லவே இல்லியேமா."

நடந்ததைச் சொன்னேன். அந்த வார்த்தையையும் சொன்னேன். முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு இரண்டு மொழியிலும் அதை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். களைப்பாகச் சிரித்தாள்.

"இங்க பொறந்தவளுக்கு இந்தத் தப்பு வராதுமா."

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்த வாக்கியம் கூடவே வந்தது.

திருத்தம் கேட்டு அலைந்த கதையை நீட்டவில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் விசாவுக்கு அலைந்ததை எழுதும்போது நான் தலையாட்டிக்கொண்டே படிப்பேன், அதைப் போலத்தான். பேசியதைத் திருத்த வேண்டுமென்றால் பேசியவரே அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டும் என்றார்கள். அடுத்த கூட்டம் பிரம்மோற்சவத்துக்காகத் தள்ளிப்போனது. அதற்கடுத்தது ஆள் சேராமல் கலைந்தது. பிறகு திருச்சானூரில் கார்த்திகைத் திருவிழா வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பூட்டிய அரங்கைப் பார்த்துத் திரும்பினேன். என் வீட்டுக்காரர், "விட்டுரேன், யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா" என்றார். எனக்கும் விட்டுவிடத் தோன்றியது. அந்த மேனேஜரின் கும்பிடு மட்டும் விட மாட்டேன் என்றது.

கடைசியில் பத்மஜா மேடத்தின் வீட்டுக்கே போனேன். காபி கொடுத்தார். அவசரம் என்ற சொல்லைக் கேட்டதும், ஐயோ பாவம் என்று உண்மையாகவே வருந்தினார். இரண்டு பெண்களையும் நேரில் பேச வைக்க வேண்டும் என்றேன். உறுப்பினர் அல்லாதவர்கள் பேச வழியில்லை என்று யோசித்தார். என் நேரத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன், நான் வாயே திறக்க மாட்டேன் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

7

கூட்டத்துக்கு இருவரும் வந்தார்கள். தனலட்சுமி துவைத்து மடித்த கைத்தறிப் புடவையில் வந்தாள். ஜோதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கைக்கட்டு பிரித்திருந்தது, முழங்கை முழுதாக நீளவில்லை. இருவரும் அதற்கு முன் சந்தித்ததில்லை. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

நான் எழுந்து அன்று தவறாகச் சொன்ன வார்த்தையை விளக்கிவிட்டு உட்கார்ந்தேன். சிலர் புன்னகைத்தார்கள்.

முதலில் ஜோதியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குத் தெலுங்கு பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. தமிழில் தொடங்கினாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கலாம்தான். ஆனால் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், என் வாய்மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது. அப்போது கல்லூரி உறுப்பினர் தனலட்சுமியைக் காட்டி, இந்தம்மாவுக்கு இரண்டும் தெரியுமே என்றார்.

தனலட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தனக்கு எதிராகப் பேச வந்தவளின் பேச்சைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மெதுவாக எழுந்து போய் ஜோதியின் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லும்மா. கொஞ்சம் கொஞ்சமா சொல்லு."

ஜோதி ஒவ்வொன்றாகச் சொன்னாள். குழந்தையைப் பற்றி, பக்கத்து வீட்டைப் பற்றி, அந்த ஆட்டோவைப் பற்றி. நடுவில் பகல் டூட்டியைப் பற்றியும் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் தனலட்சுமியின் வாயையே பார்த்தாள். தனலட்சுமி தெலுங்கில் சொன்னாள். அலங்காரம் இல்லாத, புத்தூர்ச் சந்தையில் பேசுகிற தெலுங்கு. இழுத்தவனை அல்லவா வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. தனலட்சுமி அது அடங்கும்வரை காத்திருந்து, கேட்காதவர்களுக்காக இன்னொரு முறை சொன்னாள்.

முடிந்தது என்று நினைத்து மேடம் பேனாவை மூடினார்.

"உண்டண்டி மேடம்" என்றாள் தனலட்சுமி, கொஞ்சம் இருங்கள் என்று. "ஒண்ணு உட்டுட்டன்." ஜோதியிடம் திரும்பி, "பகல் டூட்டில உள்ளூரு ஆளுங்கதான் எல்லாம்னு சொன்னியே, இன்னா அது?" என்று கேட்டாள்.

ஜோதி தயங்கினாள். பகல் வேலை முழுவதையும் உள்ளூர்ப் பெண்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள், தடை வந்தால் வெளியூர்க்காரிகளுக்குப் பகலில் இடமே கிடைக்காது என்று மெல்லச் சொன்னாள். அது தனலட்சுமியையும் அவள் ஆட்களையும் பற்றிய குறை. தனலட்சுமியின் முகம் ஒரு கணம் இறுகியது. அவள் அதையும் தெலுங்கில் சொன்னாள், ஒன்றையும் குறைக்காமல்.

பிறகு ஜோதியிடமிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அது அவங்க சொன்னது. இது நான் சொல்றது" என்று தெலுங்கில் தொடங்கித் தன் பக்கத்தைச் சொன்னாள். மேனேஜர், வேலை போகும் பயம், தனியாக இருக்கும் மகள், எல்லாம். என்னிடம் சொன்னதைவிடக் கோர்வையாக வந்தது. எதிர்ப் பக்கத்தை ஒருமுறை தன் வாயால் சொல்லிவிட்டதால் அப்படி வந்ததோ என்னவோ. நடுவில் ஜோதியின் குழந்தை சிணுங்க, நான் போய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அந்த நாளில் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

8

தடை என்ற பரிந்துரை போகவில்லை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் இரவு வேலை கொடுக்கக் கூடாது, மறுத்தவளை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, இரவு வேலை செய்பவர்களை வீடு வரை வண்டியில் விட வேண்டும் என்று எழுதி அனுப்பினார்கள். தமிழ்ப் பெண்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு கருத்துகள் பதிவாயின.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பரிந்துரை மேலே போய் எங்கேயோ இருக்கிறது. சில லாட்ஜுகள் தாங்களாகவே வேன் விட்டன. சில இடங்களில் வேலைக்குச் சேரும்போதே எல்லாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். தனலட்சுமிக்கு ராத்திரி டூட்டி நின்றது. ஆனால் வாரத்துக்கு ஒருநாள் லீவும் சேர்ந்து நின்றுபோனது. அவள் மகள் இப்போது ராத்திரி அம்மாவோடு படுக்கிறாள். அதுவே போதும் என்கிறாள் தனலட்சுமி.

என் ஒரு வருடக் காலம் முடிந்தபோது, தொடர்ந்து இருங்கள் என்றார் பத்மஜா மேடம். முடியாது, தனலட்சுமியைப் போடுங்கள் என்றேன்.

"அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருமா?"

"வராது மேடம். பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான்."

"பிறகு எப்படித் தமிழ் உறுப்பினர்?"

"பேச வருகிறதே."

யோசித்துவிட்டுப் போட்டார். இங்கே இருக்கும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் எனக்குப் போன் செய்து, 'துன்னு' என்கிறவளை உட்கார வைத்துவிட்டாயே என்று வருத்தப்பட்டார். அவரோடு வாதம் செய்யவில்லை. சோர்வாக இருந்தது. வீட்டில் பவித்ராவிடம் சொன்னபோது, "நல்லதுதான், நீ கொஞ்சம் தூங்கு" என்றாள்.

போன வாரம் ஜோதி குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருத்துவமனைக்கு வந்தாள். நான் ஆணையத்தில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப இனிமே எங்களுக்கு ஆருக்கா?"

"தனலட்சுமிதான்."

"அவுக எனக்கு எதுத்துப் பேசுனவுகல்ல?"

"ஆமா."

குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, நம்பரப் போட்டுக் குடுங்க" என்று தன் போனை நீட்டினாள். போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையும் குழந்தையிடம் இருந்ததால் போனைக் கவுன்டர் மேலேயே ஸ்பீக்கரில் வைத்துப் பேசினாள். தனலட்சுமியின் குரல் எனக்கும் கேட்டது.

"அக்கா, நாந்தேன் ஜோதி. வேன் எங்க தெருவுக்குள்ள வர மாட்டேங்குது. மெயின் ரோட்டுலயே எறக்கி விட்டுர்றாக. நீங்க அங்கன கேக்கணும்."

"எந்தத் தெருவு? யாரு எறக்கி உடறாங்க? இரு இரு, நான் ஓரமா வந்துக்கினு கேக்கறன். ஒண்ணொண்ணா சொல்லு."

நான் குழந்தையின் டோக்கனை எடுத்து வைத்தேன். ஜோதி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.